மலைத்தறியும் கரைத்தறியும்
மருதமுனை நெசவின் வரலாறு பற்றிய ஒரு நோக்கு

கல்முனையிலிருந்து மட்டக்களப்பு நோக்கி வடக்கே செல்லும் கரையோரப் பெருந்தெருவில், பாண்டிருப்புக்கும் பெரியநீலாவணைக்கும் இடையே அமைந்துள்ள ஊர் மருதமுனை. கிழக்கே கடல், மேற்கே வயல்வெளி. இரண்டுக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய மணற்பரப்பில் வீடுகள் நெருங்கி நிற்கின்றன. ஈழத்துத் தமிழ் பேசும் மக்களிடையே இவ்வூரின் பெயர் கைத்தறியோடு ஒட்டியே வழங்கி வந்துள்ளது. மருதமுனைச் சாரம், மருதமுனைச் சேலை என்று ஊர்ப்பெயரே துணியின் தரத்துக்குச் சான்றாக நின்ற காலமும் உண்டு.

இந்நெசவு பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் இருவகையாகப் பேசுவர். ஒரு சாரார் இதனை மூதாதையர் விட்டுச்சென்ற தொன்மைச் செல்வம் என்று போற்றுவர். மற்றொரு சாரார், இயந்திர யுகத்திற் கைத்தறி அழிவது தவிர்க்க முடியாதது என்று இரங்குவர். போற்றுதலும் இரங்குதலும் வேறுபட்டனவாகத் தோன்றினும் இரண்டுக்கும் அடிப்படை ஒன்றே. தறியை வரலாற்றுக்குப் புறம்பான ஒரு பொருளாக, தானே தோன்றித் தானே மறைவதாக, இவ்விரு சாராரும் கருதுகின்றனர். உண்மையில் தறியின் வளர்ச்சியையும் தளர்ச்சியையும் நிர்ணயித்தவை மூன்று: நூல் எங்கிருந்து வந்தது, துணியை வாங்கியோர் யாவர், தறி எவருடைய வீட்டில் நின்றது. இம்மூன்று வினாக்களையும் கொண்டு மருதமுனை நெசவை நோக்குவதும், அதனோடு ஒப்புநோக்கத்தக்க மலைநாட்டு நெசவை உடன்வைத்துக் காண்பதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மலைநாட்டை இங்கு இழுப்பானேன் என்று வினவலாம். கீழைக்கரையையும் கண்டி மலைகளையும் இன்று தனித்தனி உலகங்களாக எண்ணப் பழகிவிட்டோம். முற்காலத்தில் அவை ஒரே பாதையின் இரு முனைகளாக இருந்தன. கண்டி இராச்சியத்தின் மையப்பகுதி கடலற்றது. மலைகளுக்கிடையே நெல்லும் குரக்கனும் பாக்கும் விளைந்தன. உப்பும் கருவாடும் விளையவில்லை. கடலோரத்தைப் போர்த்துக்கேயர் கைப்பற்றிய பின்னர், கண்டி மன்னருக்குக் கிழக்குக் கரையே வெளியுலகின் வாயிலாயிற்று. 1602இல் ஒல்லாந்துக் கப்பற்றலைவன் ஜோரிஸ் வான் ஸ்பில்பேர்கன் மட்டக்களப்பில் இறங்கி, விந்தனை வழியாக மலையேறிச் சென்றே விமலதர்மசூரிய மன்னனைக் கண்டான். 1628 அளவிற் போர்த்துக்கேயர் மட்டக்களப்பிற் கோட்டை கட்டியதும், 1638இல் இரண்டாம் இராசசிங்கனும் ஒல்லாந்தரும் இணைந்து அதனைப் பிடித்ததும் இவ்வாயிலின் முக்கியத்துவத்தை உணர்த்துவன.

இப்பாதையில் அரசியல் தூதுவர் எப்போதாவது சென்றனர். தவளக்காரர் ஆண்டுதோறும் சென்றனர். முதுகில் இருபுறமும் பொதி தொங்க, வரிசையாக நடக்கும் எருதுக் கூட்டமே தவளம் எனப்பட்டது. கரையிலிருந்து உப்பும் கருவாடும் துணியும் மேலேறின; மலையிலிருந்து பாக்கும் பிற விளைபொருள்களும் கீழிறங்கின. இவ்வணிகத்தில் முஸ்லிம்கள் பெரும்பங்கு கொண்டிருந்தனர். போர்த்துக்கேயர் 1626இல் தம் ஆட்சிப்பகுதியிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது, கண்டி மன்னன் செனரத் அவர்களுள் ஏறத்தாழ 4,000 பேரை மட்டக்களப்புப் பகுதியிற் குடியேற்றினான் என்று வரலாற்றாசிரியர் எழுதுவர். கரையோரத்தில் அதற்கு முன்னரே முஸ்லிம் குடியிருப்புகள் இருந்தன என்பதும் மனங்கொள்ளத்தக்கது. வயலும் கடலும் வணிகமும் ஒருங்கே பொருந்திய வாழ்க்கை அவர்களுடையது.

மகாவலிச் சமவெளியிலிருந்து மேற்கே கண்டி நோக்கி ஏறும் வழி மிகச் செங்குத்தானது. இன்று மகியங்கனையிலிருந்து உடதும்பறைக்குச் செல்லும் நெடுஞ்சாலை பல வளைவுகளால் அம்மலையை ஏறுகிறது. வண்டிப்பாதை இல்லாத காலத்தில் அந்த ஏற்றம் முழுவதும் மனிதக் கால்களாலும் எருதின் குளம்புகளாலுமே கடக்கப்பட்டது. மலைநடை இன்று ஓய்வுநாட் பொழுதுபோக்காக மதிக்கப்படுகின்றது. நக்கிள்ஸ் மலைத்தொடரை உள்ளடக்கிய மத்திய மலைநாடு 2010இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்ந்தபின் அங்கு நடப்போர் தொகை பெருகியும் உள்ளது. தவளக்காரனுக்கு அந்நடை பொழுதுபோக்கு அன்று. ஒரு பொதித் துணியின் விலையில் அவனது கால்களின் உழைப்பும் அடங்கியிருந்தது. மலைக் கிராமத்தான் வாங்கிய வெளித்துணி விலையுயர்ந்த பொருளாக இருந்தமைக்கு இதுவும் ஒரு காரணம்.

விலையுயர்ந்த வெளித்துணி எங்கு உண்டோ, அங்கு உள்ளூர்த் தறிக்கும் இடமுண்டு. மலைநாட்டு மக்கள் சேனையிற் பருத்தி விதைத்தனர். பெண்கள் வீட்டிலிருந்து நூல் நூற்றனர். நெசவாளர் அந்நூலைப் பெற்றுத் துணியாக்கினர். ஆனந்த குமாரசுவாமி 1908இல் வெளியிட்ட ‘மத்தியகாலச் சிங்களக் கலை’ என்னும் பெருநூல் இம்முறையை விரிவாகப் பதிவு செய்துள்ளது. நூலுக்குப் பருத்தி அயலிலேயே விளைந்தது. துணியை வாங்குவோரும் அயலிலேயே இருந்தனர். அன்றியும், அரசனுக்கும் ஆலயத்துக்கும் துணி நெய்து கொடுப்பது நிலமானியத்தோடு பிணைந்த சாதிக்கடமையாக விளங்கிற்று. நெசவாளன் சந்தைக்காக நெய்யவில்லை. தான் உழுத நிலத்துக்கு ஈடாக நெய்தான்.

இவ்வமைப்பு இரு அடிகளில் நிலைகுலைந்தது. 1815இல் கண்டி இராச்சியம் பிரித்தானியர் வசமாயிற்று. 1832இல் இராசகாரிய முறை ஒழிக்கப்பட்டது. கட்டாய ஊழியம் ஒழிந்தது மக்களுக்கு நன்மையே. எனினும் அரசனும் கடமையும் நீங்கியபோது நெசவாளனின் முதன்மையான கொள்வனவாளரும் நீங்கினர். அதே நூற்றாண்டில் கண்டிக்குப் பெருந்தெருவும் புகைவண்டியும் வந்தன. இங்கிலாந்தின் ஆலைத்துணியை மலைக்கு ஏற்றுவதற்கு இனி எருது தேவைப்படவில்லை. மலை தந்திருந்த இயற்கைப் பாதுகாப்பைப் போக்குவரத்து நீக்கிவிட்டது. குமாரசுவாமி எழுதிய காலத்தில் மலைநாட்டு நெசவு ஒருசில கிராமங்களிலேயே எஞ்சியிருந்தது. உடதும்பறையின் தலகுனை அவற்றுள் ஒன்று. கண்டி நோக்கிய பழைய கிழக்குப் பாதையை அண்டிய மலைச்சரிவில் அது அமைந்திருப்பது கவனிக்கத்தக்கது.

தும்பறைப் பகுதியின் இன்னொரு நெசவு, கற்றாழை இனத்து நாரிலிருந்து இழைக்கப்படும் பாய்களும் சுவர்த்தொங்கல்களுமாகும். கின்னர சமூகத்தார் பேணி வந்த இக்கலை 2021இல் யுனெஸ்கோவின் தொட்டறிய முடியாத பண்பாட்டு மரபுப் பட்டியலில் இடம்பெற்றது. யானை, பறவை, பூக்கொடி முதலிய உருவங்களைத் தாங்கிய இப்பொருள்கள் இன்று பெரும்பாலும் சுவர்களை அலங்கரிப்பன. பயன்பொருள் கலைப்பொருளாக மாறியே மலைத்தறி உயிர்பிழைத்தது எனலாம். சாதிக்கடமை என்னும் இழிவைச் சுமந்திருந்த ஒரு தொழில் உலகப் புகழைச் சுமப்பதாக மாறியது வரலாற்றின் விசித்திரங்களுள் ஒன்று.

கரைத்தறியின் கதை வேறு. கரைக்கு வெளித்துணி எப்போதும் எளிதில் வந்தது. சோழமண்டலக் கரையிலிருந்து ஈழத்துக்குத் துணி ஏற்றிவருதல் நெடுங்கால வணிகம். 17ஆம் நூற்றாண்டில் ஒல்லாந்தரின் சோழமண்டல வணிகத்துக்குத் தலைமையிடமாயிருந்த பழவேற்காட்டின் பெயர், ‘பளேகாட்’ எனத் திரிந்து கட்டமிட்ட சாரத்துக்கு இன்றும் ஈழத்தில் வழங்குகின்றது. சாரம் என்ற சொல்லோ மலாய் மொழியிலிருந்து வந்தது. ஆகவே மருதமுனை நெசவாளி நெய்யும் ஒரு சாரத்தின் பெயரிலும் கட்டத்திலும் வங்காள விரிகுடாவின் இருபுறத்து வரலாறும் பின்னிக்கிடக்கின்றது. தூய சுதேசியம் என்று அதனை அழைப்பது பொருந்தாது. பல கரைகளிலிருந்து வந்தவற்றைத் தன்னுடையதாக்கிக் கொண்டமையே அதன் தனித்தன்மை.

ஈழத்துக்கு நெசவாளர் வந்த வரலாற்றிலும் முஸ்லிம் வணிகருக்கு ஓரிடம் உண்டு. பேருவளையைச் சேர்ந்த முஸ்லிம் வணிகர் ஒருவர் சிங்கள மன்னனின் வேண்டுகோளுக்கிணங்கி இந்தியக் கரையிலிருந்து நெசவாளர் சிலரை அழைத்து வந்தார் என்பது செவிவழி மரபு. இதனை நேரடி வரலாறாகக் கொள்வதற்கில்லை. நெசவாளரையும் நூலையும் துணியையும் கடல் கடத்தி வந்தோர் எவர் என்பதை மக்கள் நினைவு எவ்வாறு பதித்து வைத்தது என்பதற்கு அது சான்று.

இனி, தறி எவருடைய வீட்டில் நின்றது என்னும் மூன்றாவது வினாவுக்கு வருவோம். கீழைக்கரையின் தமிழரிடையேயும் முஸ்லிம்களிடையேயும் தாய்வழிக் குடிமுறை வழங்கி வருகின்றது. குடி தாயின் வழியாக வரும். வீடு மகளுக்குச் சீதனமாகச் செல்லும். மணமகன் மனைவியின் வீட்டுக்கு வந்து சேர்வான். அக்கரைப்பற்றில் நெடுங்காலம் ஆய்வு செய்த மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே இவ்வமைப்பை விரிவாக விளக்கியுள்ளார். மூத்த மகளுக்கு மணமாகும்போது பெற்றோர் தாம் வாழ்ந்த வீட்டை அவளுக்குக் கொடுத்து, இளையவளுக்கென வேறொரு வீட்டைக் கட்டத் தொடங்குவர். எனவே கீழைக்கரையில் வீடு கட்டுதல் ஒருமுறை செய்து முடிக்கும் காரியமன்று. களிமண் சுவர் கல்லாகவும், கிடுகுக் கூரை ஓடாகவும், ஒரு விறாந்தை அறையாகவும் மாறிக்கொண்டே இருக்கும். பெண்மக்கள் பலருள்ள குடும்பத்தின் வாழ்நாள் உழைப்பில் பெரும்பகுதி சுவராகவும் கூரையாகவும் மாறியது.

இந்த வீட்டில்தான் தறி நின்றது. தறிக்கு நீண்ட, நிழலான, காற்றோட்டமுள்ள இடம் வேண்டும். பாவு விரிப்பதற்கு வளவு வேண்டும். நூலுக்குச் சாயமிட்டு உலர்த்த வெயிலும், கஞ்சியிட்டு முறுக்கேற்றக் கைகளும் வேண்டும். நெய்பவர் ஒருவரேயாயினும், நூலைத் தாரிற் சுற்றும் சிறுவர், இழை முடிச்சிடும் முதியோர், பாவை அச்சில் இழைக்கு இழை கோக்கும் பெண்டிர் என வீடு முழுவதும் தறியைச் சூழ்ந்து இயங்கும். காலால் மிதித்துப் பாவைப் பிரிப்பதும், கையால் நாடாவை ஓட்டுவதும், அச்சை இழுத்து ஊடை இழையை அடிப்பதும் ஒரு தாளத்தில் நிகழ்வன. 1733இல் இங்கிலாந்தில் ஜோன் கே உருவாக்கிய விசைநாடா பிற்காலத்தில் கீழைத்தேயத் தறிகளுக்கும் வந்தபோது, கயிற்றை இழுத்தே நாடாவை ஓட்ட முடிந்தது. துணியின் அகலமும் நெய்யும் வேகமும் கூடின. ஆயினும் தறி வீட்டை விட்டு வெளியேறவில்லை.

தறியும் சீதன வீடும் ஒன்றையொன்று தாங்கின என்பது இங்கு வலியுறுத்தத்தக்கது. நெல்வயலுக்குச் சொந்தக்காரரான போடியாருக்கு நிலமே மூலதனம். நிலமற்ற குடும்பத்துக்கோ வீட்டுக்குள் நின்ற தறியே வயல். அவ்வயலுக்கு மழையும் வேண்டாம்; வாய்க்காலும் வேண்டாம். 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டம் இப்பகுதியின் வேளாண்மையை மாற்றியமைத்தது. 1961இல் அம்பாறை தனி மாவட்டமாயிற்று. எனினும் ஒடுங்கிய மணற்கரையிற் பெருகிய மக்கள் அனைவருக்கும் வயல் கிடைக்கவில்லை. அவர்களுட் பலருக்கு நாட்கூலியையும், பெண்மக்களின் வீட்டுச் சுவரையும் தந்தது தறியே.

ஆனால் அத்தறிக்கு ஒரு பலவீனம் உண்டு. மலைத்தறிக்குப் பருத்தி சேனையில் விளைந்தது. கரைத்தறிக்கு நூல் கப்பலில் வந்தது. ஆகவே துறைமுகத்தில் எப்பொருளுக்குக் கதவு திறக்கப்படுகிறது, எப்பொருளுக்கு மூடப்படுகிறது என்பதே அதன் தலைவிதியாயிற்று. துணிக்குக் கதவு மூடி நூலுக்குத் திறந்திருந்தபோது தறி செழித்தது. துணிக்கும் கதவு திறந்தபோது தளர்ந்தது. இந்த எளிய விதியைக் கடந்த நூற்றாண்டின் நிகழ்ச்சிகள் ஐயத்துக்கிடமின்றி நிறுவுகின்றன.

1927 நவம்பரில் காந்தியடிகள் கதர் நிதி திரட்ட இலங்கைக்கு வந்தபோது சுதேசித் துணி என்னும் கருத்துப் பரவிற்று. கருத்துப் பரவிய அளவுக்குத் தறி பெருகவில்லை. இரண்டாம் உலகப் போர்க்காலத் துணித் தட்டுப்பாடே கைத்தறியின் தேவையை நாட்டுக்கு உணர்த்தியது. 1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி நெருக்கடியால் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டது. 1970இல் ஆட்சிக்கு வந்த ஐக்கிய முன்னணி அரசு அக்கட்டுப்பாட்டை மேலும் இறுக்கியது. வெளிநாட்டுச் சாரமும் சேலையும் கடைகளில் அருகின. அக்காலத்தை அரிசித் தட்டுப்பாட்டுக் காலமென்றும் பாண் வரிசைக் காலமென்றும் பலர் கசப்போடு நினைவுகூர்வர். மருதமுனைத் தறிகளுக்கோ அது பொற்காலம். ஒரே கொள்கை நுகர்வோனை வருத்தி நெசவாளியை வாழ்வித்தது. இம்முரண்பாட்டை மறைத்து அக்காலத்தைப் புகழ்வதும் பழிப்பதும் வரலாற்று நேர்மையாகாது.

1977இல் திறந்த பொருளாதாரக் கொள்கை அறிமுகமாயிற்று. இறக்குமதித் துணி தடையின்றி வந்தது. விசைத்தறித் துணியின் விலையோடு கைத்தறி போட்டியிட இயலவில்லை. நாடெங்கும் கிராமத்துத் தறிகள், குறிப்பாகப் பெண்கள் இயக்கிய தறிகள், பெருந்தொகையாக நின்றன. அரசின் பார்வை ஏற்றுமதி ஆடைத் தொழிற்சாலைகள் பக்கம் திரும்பியது. 1974இல் நடைமுறைக்கு வந்த பன்னாட்டு இழை ஒப்பந்தத்தின் பங்கீட்டு முறை இத்தகைய நாடுகளுக்கு ஆடைச் சந்தையை உறுதி செய்திருந்தது. 1992இல் 200 ஆடைத் தொழிற்சாலைத் திட்டம் தொடங்கப்பட்டது. நெய்யும் கைகளுக்கு மாறாகத் தைக்கும் கைகளே நாட்டுக்கு வேண்டியனவாயின.

மருதமுனைக்கு இவற்றோடு போரும் சேர்ந்தது. 1983 முதல் 2009 வரை நீடித்த போரில் கிழக்கின் தெருக்கள் பலமுறை மூடின. 1985இலும் 1990இலும் தமிழ், முஸ்லிம் ஊர்களுக்கிடையே மூண்ட வன்செயல்கள் அயலூர்ச் சந்தையையே பகையூர்ச் சந்தையாக்கின. சேலை நெய்தவர் முஸ்லிம். அதை உடுத்தவருள் அயலூர்த் தமிழ்ப் பெண்கள் பலர். அத்தகைய உறவு அறுந்தபோது தறியின் ஓசையும் குறைந்தது.

இறுதியாக வந்தது கடல். 2004 திசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலையால் இலங்கையில் மிகக் கூடுதலான உயிர்களை இழந்த மாவட்டம் அம்பாறை. 10,000 பேருக்கு மேல் அங்கு மாண்டனர். மருதமுனையின் கரையோர வீடுகள் தறிகளோடும் நூலோடும் அழிந்தன. அந்த வாரம் முடிந்ததும், 2005 சனவரி 1ஆம் நாள், முன்னர்க் கூறிய பன்னாட்டு இழை ஒப்பந்தப் பங்கீடும் முடிவுக்கு வந்தது. கைத்தறியைக் கைவிட்டு நாடு நம்பியிருந்த சந்தைப் பாதுகாப்பும், கைவிடப்பட்ட கைத்தறியும், ஒரே வாரத்தில் நிலைகுலைந்தன.

அலைக்குப் பின் கடலோரத்தில் மீண்டும் வீடு கட்டுவது தடைசெய்யப்பட்டது. மருதமுனையில் 65 மீற்றர் எல்லைக்குட் குடியிருந்தோருக்கு வேறிடத்தில் வீட்டுத்திட்டங்கள் அமைந்தன. உயிரைக் காக்கும் நோக்கில் அது நியாயமானதே. ஆயின் வீட்டுத்திட்ட வீடு என்பது அறை, சமையலறை, கழிப்பறை என்று அளந்து கட்டப்படுவது. தறிக்கு எட்டடி, பாவு விரிக்க ஒரு வளவு என்னும் கணக்கு அவ்வரைபடங்களுக்கு இயல்பானதன்று. குடும்பம் மீளக் குடியமரலாம். தறி குடியமர இடமின்றேல் தொழில் மீளாது. வீடும் தறியும் ஒன்றாக வளர்ந்த ஓர் ஊரில், வீட்டை மட்டும் தனியே பிரித்துத் திருப்பிக் கொடுத்தல் பாதி மீட்பேயாகும்.

அதன் பின்னரும் மருதமுனையில் நெசவு முற்றாக நின்றுவிடவில்லை. தறிகள் பல வீட்டிலிருந்து நெசவுசாலைகளுக்கு மாறின. அரச அலுவலகங்களிற் பணிபுரியும் பெண்களிடையே கைத்தறிச் சேலைக்கு உள்ள விருப்பம் ஓரளவு சந்தையைத் தந்தது. 2022இல் நாடு பிறநாட்டுக் கடனைச் செலுத்த இயலாத நிலையை அடைந்து ரூபாவின் மதிப்பு வீழ்ந்தபோது, இறக்குமதி நூலின் விலை ஏறிற்று. நூல் எங்கிருந்து வருகிறது என்ற முதல் வினா மீண்டும் தறியின் கழுத்தை நெரித்தது.

மலைத்தறியையும் கரைத்தறியையும் ஒருங்கே நோக்கும்போது ஓருண்மை புலனாகும். முன்னது அரசனையும் ஆலயத்தையும் இழந்து கலைப்பொருளாகித் தப்பியது. அதனை வாங்குவோர் சுற்றுலாப் பயணியரும் கலையார்வலருமாவர். பின்னது சந்தைக்காகப் பிறந்து சந்தையாலேயே நசுக்கப்பட்டது. அதனைக் கலைப்பொருளாக்கிக் கண்ணாடிப் பேழையில் வைப்பது தீர்வாகாது. உழைப்பாளி உடுக்கும் சாரம், ஆசிரியை உடுக்கும் சேலை என்னும் பயன்பாட்டிலேயே அதன் உயிர் இருக்கின்றது.

இயந்திரம் வந்ததனால் மட்டும் மருதமுனைத் தறி நின்றது என்பாருக்கு வரலாறு தரும் விடை தெளிவானது. ஆலைத்துணி 19ஆம் நூற்றாண்டிலேயே வந்துவிட்டது. தறி செழித்ததோ 20ஆம் நூற்றாண்டின் இடைப்பகுதியில். எனவே அதன் எழுச்சியும் வீழ்ச்சியும் மனிதர் எடுத்த முடிவுகளின் விளைவுகள். நூலுக்கு என்ன வரி, இறக்குமதித் துணிக்கு என்ன வரி, வீட்டுத்திட்டத்தின் வரைபடத்தில் எத்தனை அடி, அரச நிறுவனங்கள் யாரிடம் துணி வாங்குகின்றன என்பன யாவும் இன்றும் மனிதர் தீர்மானிப்பனவே. முன்னோர் பெருமை பேசுவதால் ஒரு முழத் துணியும் நெய்யப்படுவதில்லை. இழை கோக்கத் தெரிந்த கைகள் மருதமுனையில் இன்னும் இருக்கின்றன. அவற்றுக்கு நியாயமான கூலி கிடைக்கும்வரை அவை இருக்கும். கிடையாதவிடத்து அடுத்த தலைமுறை அதனைக் கற்காது.